பேனாக்கத்தி வாங்கப் போகிறீர்களா?

பேனாக்கத்தி என்ற பெயர் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்குக் காரணமான பேனாவோ மறைந்துவிட்டது. பறவையின் இறகை மையில் தோய்த்து எழுதிய காலத்தில், இறகின் முனையைச் சீவுவதற்கென்று ஏற்பட்டது இந்தச் சிறு கத்தி. இறகு போயிற்று; முள் பேனா வந்து அதுவும் போயிற்று. கத்தி மட்டும் வேறு உத்தியோகங்களைத் தேடிக்கொண்டு சௌக்கியமாக இருந்துவருகிறது.

அந்த உத்தியோகங்களுக்குக் குறைவே இல்லை. திருவண்ணாமலைக்கு யாத்திரை வந்து சத்திரங்களில் இறங்கும் குடும்பங்களை நாம் நித்தியம் பார்க்கிறோம். மூட்டைக் கயிற்றை அறுக்க வேண்டும். குழந்தைக்கு மாம்பழம் நறுக்க வேண்டும். அதற்காக அரிவாள்மனையையா ரயிலில் தூக்கி வர முடியும்? கயிற்றைப் பல்லால் கடிக்கிறார்கள். இல்லாவிடில் சவர பிளேடை எடுத்து விரலை வெட்டிக்கொள்கிறார்கள். பென்சில் சீவும் பள்ளிப் பிள்ளைகளின் விரல்களிலும் பிளேடின் கைங்கரியத்தைக் காணலாம். ஒரு சாதாரண மடக்குக் கத்தி இந்தத் தொல்லைகளைத் தீர்த்துவிடும். ஆனால் அது நல்ல கத்தியாக இருக்கவேண்டும்.

உருக்கின் கதை

நல்ல கத்திக்கு வேண்டிய உருக்கு நமக்குப் புதிதல்ல. இரும்பையும் கரியையும் மண் மூசையில் அடைத்துக் காய்ச்சி உருக்குச் செய்யும் வித்தை நம் நாட்டில் தொன்மையானது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும், பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் மேல்சிறுவள்ளூரிலும் அதன் அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன. 1795-ல் ஜார்ஜ் பியர்ஸன் என்பவர் லண்டன் ராயல் சொஸைட்டிக்காக இந்திய உருக்கை ஆராய்ந்தார். அப்பொழுது ஸ்டோடார்ட் என்ற தொழிலாளி அந்த உருக்கில் அடித்துப் பார்த்தது வாளல்ல, ஈட்டியல்ல, பேனாக்கத்திதான்!

பின்னர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கிய ஜோஸையா மார்ஷல் ஹீத், இங்கிலாந்து திரும்பி ஷெபீல்டு நகரை அடைந்தார். மாங்கனீஸைச் சேர்த்து உருக்குச் செய்யும் முறைக்கு 1839-ல் அவர் உரிமை பெற்றார். அதனால் அங்கே உருக்கின் விலை இறங்கிற்று. அந்த ஷெபீல்டிலிருந்து வந்த ராஜர்ஸ் கத்திகளை நம் பாட்டனார்கள் பொக்கிஷம்போல் வைத்திருந்தார்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் அலகின் உலோகம். கரி உருக்கு சுலபமாகத் தீட்டுப்படும். கூரும் நன்றாக ஏறும். ஆனால் எலுமிச்சம்பழமும் மாங்காயும் பட்டால் கறுக்கும். ஈரத்தோடு மடக்கினால் துருவேறும். 1913-ல் ஹாரி பிரியர்லி ஷெபீல்டில் கண்ட துருப்பிடிக்காத உருக்கு இந்தக் கவலையைக் குறைத்தது. பழம் நறுக்கும் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. உபயோகித்தவுடன் துடைத்து வைக்கும் பொறுமைசாலிகள் கரி உருக்கை வாங்கலாம்.

இரண்டாவது, நீளம். 2½ முதல் 3 அங்குல அலகு போதும். அதற்கு மேற்பட்டது பைக்குப் பாரம், பார்ப்பவர்களுக்குப் பயம்.

மூன்றாவது, கீல். பாதிக் கத்திகள் கெடுவது இங்கேதான். அலகை விரித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. மடக்கும்பொழுது அலகு பிடியின் நடுவே இறங்கவேண்டும், ஓரத்தில் உராயக்கூடாது. விரித்த அலகு தானே மடங்கி விரலை நறுக்காமலிருக்கப் பூட்டு உள்ளதானால் விசேஷம். பிரான்ஸின் ஸவாய் பிரதேசத்தில் ஜோஸப் ஒபினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு 1955-ல் ஒரு சுழல் வளையத்தைப் பூட்டாகச் சேர்த்தார்கள். எளிய சாமானிலும் இவ்வளவு பந்தோபஸ்து செய்ய முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

நான்காவது, உறுப்புகளின் ஆசை. ஸ்விட்ஜர்லாந்தின் கார்ல் எல்ஸனர் 1891-ல் தம் நாட்டு ராணுவத்துக்குக் கொடுத்த கத்தியில் அலகோடு திருப்புளியும் டப்பா திறப்பானும் ஊசியும் இருந்தன. அதைப் பார்த்து, கத்தரி, ரம்பம், கரண்டி என்று பத்து உறுப்புகளுடன் போலிச் சரக்குகள் தெருவோரங்களில் குவிகின்றன. பத்தும் பெயருக்கு இருக்கும். ஒன்றாவது உருப்படியாக வெட்டாது. குறைந்த பணமே கையிலிருந்தால், நல்ல அலகு ஒன்றே ஒன்று உள்ள கத்தியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

வாங்கிய பிறகு அதைக் காப்பாற்றுவதும் நம் பொறுப்பு. தேங்காய் மூடியிலிருந்து பருப்பைப் பெயர்க்க மடக்குக் கத்தியை உபயோகிக்காதீர்கள். நுனி ஒடியும், கீல் தளரும். கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்காகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். மழுங்கிய கத்தியே அதிக ஆபத்தானது. அழுத்தி அறுக்கும்போது கை வழுக்கும். ஆகையால் மாதம் ஒருமுறை சாணைக்கல்லில் தீட்டுங்கள்.

சட்டமும் மரியாதையும்

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதங்களாகக் கொள்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. நம் பேனாக்கத்தி இந்த எல்லைக்கு வெகு தூரம் உள்ளே நிற்கிறது. எனினும், பொத்தானை அழுத்தினால் பாயும் ராம்பூர்க் கத்தி ஜாதியை நாடவேண்டாம். சினிமா வில்லன்களுக்கே அது பொருந்தும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை. தீபத் திருநாள் கூட்டத்துக்கும் கோயிலுக்கும் போகும்போது கத்தியை வீட்டிலேயே வைத்துச் செல்வது நலம். தற்காப்புக்கென்று கத்தி வைத்திருப்பது வீண் எண்ணம். சண்டையில் கத்தியை எடுத்தவனுக்கே முதல் ஆபத்து.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தியை ஒளித்து வைப்பதால் அவர்கள் ஆசை அடங்குவதில்லை. பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து, தம்மை நோக்கியல்லாமல் வெளிப்புறமாகச் சீவவும், பிறரிடம் கொடுக்கும்போது மடக்கிக் கொடுக்கவும் பழக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அதைக் கொடுத்தனுப்பலாகாது. அங்கே பென்சில் சீவ டப்பியிலுள்ள சீவுளியே போதும்.