கையாற் செய்த கைவிசேடம்

‘கைவிசேடம்’ என்பது யாழ்ப்பாணத் தமிழர் நாவில் இன்றும் வழங்கும் இனிய சொற்களுள் ஒன்று. சித்திரைப் புத்தாண்டன்று நல்ல வேளை பார்த்துக் குடும்பத்துப் பெரியவர் இளையோர்க்கு வெற்றிலையோடு வைத்துக் கொடுக்கும் பணத்தை அச்சொல் குறிக்கும். கொடுபடும் தொகை பெரும்பாலும் சிறிதே. ஆயினும் அதனைப் பெற்றவர் உடனே செலவிடாது போற்றி வைப்பர். பொருளின் விசேடத்தை நோக்காது கையின் விசேடத்தை நோக்கிய மனப்பாங்கு அது.

இக்காலத்திலோ பண்டிகை அணுகும்போது மகிழ்ச்சிக்கு முன்னே கணக்குப் புத்தகம் வந்து நிற்கிறது. மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியர் இல்லமும் இதற்கு விலக்கன்று. புத்தாடை, பட்சணம், பரிசு என்று கடைத்தெருவை நாடிச் சென்று, பண்டிகை கழிந்த மறுநாட் கடனோடு விழித்தெழுகின்றோம். செலவு குறைந்தால் அன்பும் குறைந்ததெனப் பிறர் எண்ணுவரே என்னும் அச்சமே இதற்குக் காரணம். செட்டினையும் உலோபத்தையும் ஒன்றென மயங்குவதால் எழும் அச்சம் இது. தனக்கும் பிறர்க்கும் உதவாது பொருளை இறுகப் பிடித்தல் உலோபம். உள்ளதை வீணாக்காது வேண்டிய இடத்தில் வேண்டிய அளவிற் பயன்படுத்தல் செட்டு.

எமது ஆடிப்பிறப்பை எண்ணிப் பாருங்கள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்க்கெனப் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டை அறியாத மாணவர் இங்கு அரியர். அன்று காய்ச்சும் கூழுக்கு வேண்டுவன யாவை? பச்சையரிசி மா ஒரு சுண்டு, வறுத்த பயறு அரைச் சுண்டு, ஒரு தேங்காய், இனிப்புக்கு அளவான பனங்கட்டி, சிறிது உப்பு, இவ்வளவே. பயறு அவிந்ததும், மாவிற் பெரும்பகுதியைக் குழைத்துச் சிற்றுருண்டைகளாக்கி அதனுள் இடுவர். எஞ்சிய மாவைத் தேங்காய்ப் பாலிற் கரைத்துப் பனங்கட்டியுடன் சேர்த்துத் துழாவி இறக்குவர். பலாவிலையைக் கோலி ஈர்க்காற் குத்திவிட்டால் அதுவே கரண்டி.

பனையின் கொடையோ இதனினும் பெரிது. பழத்தின் களியை மாவோடு கலந்து சுட்டாற் பனங்காய்ப் பணியாரம். பாயிற் பரவி வெயிலிற் காயவிட்டாற் பனாட்டு. விதையைப் பாத்தியில் இட்டாற் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, கைப்பு நீங்க அந்நீரை வடித்த பின்னரே சமைத்தல் வேண்டும். அந்த மாவுடன் சிறுமீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை என அன்றன்று கிடைத்தவற்றை இட்டு, பழப்புளியும் செத்தல் மிளகாயும் கூட்டினால் ஒடியற் கூழ் அமையும். முளைத்த விதையினுள்ளே இருக்கும் பூரான் பிள்ளைகளுக்குத் தின்பண்டம்; எஞ்சும் ஊமல் அடுப்புக்கு எரிபொருள். ஓலையை வார்ந்து இழைத்தாற் சந்தைக்குக் கொண்டு செல்ல உமல். உமலுக்கும் ஊமலுக்கும் இடையே ஒரு மாத்திரையே வேறுபாடு. இரண்டுக்கும் தாய் ஒரே மரம். பனங்கட்டியை ஊற்றி வைக்கும் ஓலைக் குட்டானோ உணவும் கைவேலையும் ஒருங்கே அமைந்த பரிசு.

இவற்றைப் புகழ்ந்துரைக்கும் யான் ஒருகால் இவற்றை இகழ்ந்தவன் என்பதையும் சொல்லிவிடல் வேண்டும்.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், மின்கலம் முதலியன கிடைத்தற்கரியன ஆயின. ஜாம் போத்தலிற் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய சுடரிற் படித்தோம். பனங்களியால் ஆடை தோய்த்தோம். அவ்வாண்டுத் தீபாவளிக்குப் புத்தகம் கொண்டு செல்ல ஒரு தோற்பை வேண்டுமென அன்னையாரிடம் கேட்டிருந்தேன். அப்போது எனக்கு இருபது வயது; வீட்டு நிலை அறியாத வயதன்று. தீபாவளி விடியலில் அவர் என் கையில் வைத்தது, சாயமூட்டிய ஓலையால் இழைத்த ஒரு மூடற்பெட்டி.

“தம்பி, கடையிலை வாங்கேல்லை எண்டு மனம் நோகாதை. இரவிரவா இருந்து இழைச்சனான்” என்றார்.

அவர் விரல்களில் ஓலை கீறிய கோடுகளைக் கண்டேன். கண்டும் முகங்கொடுத்து ஒரு சொற் சொன்னேனல்லேன். தோழர் நகைப்பரென்று அஞ்சிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். அன்னையாரும் அதுபற்றிப் பின்னர் பேசவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். புறப்படும் வேளையில் அன்னையார் பரணிலிருந்து அப்பெட்டியை இறக்கி, புழுக்கொடியலும் பனங்கட்டியும் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டார். மழை பெய்தது, நாவற்குழிப் பாதையில் அடியெடுத்து வைக்கவும் இடமின்றிச் சனத்திரள். மறுநாட் பொழுது சாயும்வரை எமது குடும்பத்துக்கு உணவு அப்பெட்டியுள் இருந்ததே. அருகே பசித்து அழுத அயலார் குழந்தைக்கும் அதிலிருந்தே ஒரு துண்டு பனங்கட்டி சென்றது. யான் ஒதுக்கிய பெட்டியிலிருந்து கைநீட்டி வாங்கி உண்டேன். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்தும் அச்சொல் சொல்லப்படாமலே நிற்கிறது.

எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில் ஒருநாள், “அப்பா, அப்பம்மா இழைச்ச மாதிரி ஒரு பெட்டி எனக்கும் இழைக்கப் பழக்குங்கோ” என்றாள் என் மகள். யான் தலைகுனிந்தேன். இலக்கணம் கற்பிக்கத் தெரிந்த எனக்கு ஓர் ஓலையை வாரத் தெரியாது. அன்னையார் அருகிருந்த காலத்திற் கற்றேனல்லேன். அயலில் வாழும் முதிய அம்மையார் ஒருவரிடம் இருவரும் சென்று கற்றோம். முதற்பெட்டி கோணியே வந்தது. அடுத்த புத்தாண்டில் மகள் அதனுள் ஒரு பனங்கட்டிக் குட்டானை வைத்து எனக்கே தந்தாள். மூத்தோர் இளையோர்க்கு ஈயும் கைவிசேடம் எமது வீட்டில் அவ்வாண்டு முறைமாறி வந்தது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கூற விழைகிறேன். கையாற் செய்தல் என்பதை அன்னையர் கைக்கே விட்டுவிடுதல் அறமன்று; அவர்தம் உறக்கத்தைச் செலவிட்டு நாம் செட்டாக வாழ்தல் செட்டும் அன்று. தேங்காய் துருவவும், மா வறுக்கவும், ஓலை வாரவும் ஆடவரும் பிள்ளைகளும் கூடி அமரல் வேண்டும். வரும் பண்டிகைக்கு முன்னே ஒரு மாலைப் பொழுதையேனும் அதற்கென ஒதுக்குங்கள். வீட்டில் மூத்தோர் இருப்பாராயின் அவர் அருகே அமர்ந்து, அவர் அறிந்ததொன்றைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் தருவது எதுவாயினும் அன்றே இரு கைகளாலும் வாங்குங்கள்.

அன்னையார் இழைத்த பெட்டி இன்று என் மேசைமீது இருக்கிறது. விளிம்பு பிரிந்துவிட்டது. அதனைத் திருத்தி இழைக்க இப்போது எனக்குத் தெரியும். ஆயினும் அவர் விரல் பட்ட ஓலையைப் பிரிக்க மனம் ஒருப்படவில்லை.