கையைக் கடிக்காத பசுமை

சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று பெரிய கடைகளில் இப்போது தனி அடுக்கே வைத்துவிட்டார்கள். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, தேங்காய்ச் சிரட்டையில் கிண்ணம், ஆர்கானிக் பருத்திப் பை. எதை எடுத்தாலும் சாதாரணப் பொருளைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. பூமியைக் காப்பாற்றுவதெல்லாம் வசதி உள்ளவர்கள் வேலை என்று மாதச் சம்பளக்காரர் ஒதுங்கிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அடுக்கில் இருப்பதில் பாதி நமக்குத் தேவையே இல்லை. அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற ஊரில் ஸ்டீலோ ப்ளாஸ்டிக்கோ, ஸ்ட்ரா எதற்கு?

வீட்டுச் செலவும் சுற்றுச்சூழலும் பெரும்பாலான விஷயங்களில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. கரண்ட், கேஸ், தண்ணீர், சாப்பாடு என்று எதில் வீணடிப்பு குறைந்தாலும் பணமும் மிஞ்சும், மாசும் குறையும். காசு செலவில்லாத மாற்றங்களை முதலில் செய்துவிட்டு, போட்ட பணத்தைத் திருப்பித் தரும் பொருளுக்கு மட்டும் பர்ஸைத் திறந்தால் போதும்.

கரண்ட் பில்லில் இருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. யூனிட் கூடக் கூட விலையும் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 500-ஐத் தாண்டும் இடம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு தலா 2.25 ரூபாயாக இருந்தது. 500-ஐத் தாண்டிவிட்டால் அதே யூனிட்டுகளுக்கு 4.50 ரூபாய் ஆனது. ஆக, அந்தக் கட்டணத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்குப் பிறகு கட்டணம் மாறிவிட்டது, இனியும் மாறும் என்பதால், இப்போதைய விலையையும் எல்லைகளையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னதாக நீங்களே மீட்டரைப் பார்த்துவிட்டால், எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்க வழி கிடைக்கும். ஹீட்டரை நிறுத்துவதோ, ஏசியை இரவில் இரண்டு மணி நேரம் முன்னதாக அணைப்பதோ போதும். 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் போய்விடும்.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலையில் வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அங்கே இருப்பவருக்கு இந்த எல்லைக் கணக்கு உதவாது. ஆனால் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அவருக்குக் கூடுதல் லாபம்.

காசு போட்டு மாற்றத் தக்க பொருள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் சீலிங் ஃபேனைத்தான் சொல்வேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளில் 15 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். யூனிட் 4.50 ரூபாய் என்றால் 180 ரூபாய், வருடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். புது ஃபேன் வாங்கப் போகிறவருக்கு, சாதாரண ஃபேனைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒன்றரை வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். எல்லா அறைக்கும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடுகிற ஒன்றை மட்டும் முதலில் மாற்றலாம். நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்து வருவதால், ஒரு யூனிட் குறைந்தால் ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு காற்றில் கலக்காமல் நிற்கிறது.

அடுப்பில் செலவில்லாமலே குறைக்கலாம். அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவைத்தால் வேகும் நேரம் குறையும். குக்கர் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடாகாது, ஆவியாகிப் போவதுதான் கூடும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது, தீ மஞ்சளாக எரிகிறது என்றால் பர்னர் அடைத்திருக்கிறது, சுத்தம் செய்யுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். ஆர்ஓ மெஷின் இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்டது. அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் சுமார் மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. அது தேவையா என்பதை உங்கள் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவுதான் சொல்ல வேண்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உப்பு இருக்கும் இடங்களில் ஆர்ஓ-வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். தெரு முழுக்க ஒன்றை வைத்துக்கொண்டே சோதித்துவிடலாம். ஆனால் அது உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. உப்பு குறைவாக இருந்து கிருமி மட்டுமே கவலை என்றால், நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தாலே போதும். ஆர்ஓ இல்லாமல் முடியாத போர்வெல் வீடுகளில், அந்தக் கழிவுநீரை பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம்.

பை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் நிறையப் போகின்றன. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமடைதலை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் அது மெல்லிய ப்ளாஸ்டிக் பையைவிட மேல் என்று கணக்குச் சொன்னது. சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் போவதும் ப்ளாஸ்டிக் பைதான் என்பதால் துணிப்பைதான் சரி. ஆனால் புதிது புதிதாக வாங்கிக் குவிப்பதில் அர்த்தமில்லை. கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பைகள் பீரோவில் ஒரு கட்டு இருக்குமே, அவை கிழியும்வரை போதும்.

மாதவிடாய்ச் செலவைப் பற்றி இப்படிப்பட்ட கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை. மாதம் 60 ரூபாய்க்கு நாப்கின் வாங்கும் பெண்ணுக்கு ஐந்து வருடத்தில் 3,600 ரூபாய் ஆகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிலிக்கோன் கப்பை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுத்தால் ஐந்து வருடத்துக்கு மேல் உழைக்கும். எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராதவர்கள் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினைப் பார்க்கலாம்; வெயிலில் நன்றாகக் காய வைக்க இடம் இருக்க வேண்டும்.

சமையலறைக் கழிவுக்கு உரக் கிட் வாங்க வேண்டியதில்லை. பெயிண்ட் வாளியில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ஒரு கை காய்கறித் தோலுக்கு ஒரு கை காய்ந்த இலை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு, தேங்காய் நார். புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கும். இதே தோல் குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதைந்தால் மீத்தேன் வாயுவாக மாறும்.

டவுன் பஸ்ஸில் போய், ஒரு ஃபேன் ஒரு லைட்டோடு குடித்தனம் நடத்துகிறவர் பூமிக்குச் செய்யும் கேடு மிகக் குறைவு. கார் இரண்டும் ஏசி மூன்றும் வைத்துக்கொண்டு மூங்கில் பிரஷ்ஷில் பல் துலக்குகிறவரைவிட அவர்தான் பசுமையாக வாழ்கிறார். அவர் செய்ய வேண்டியதெல்லாம் தன் செலவைக் குறைப்பது மட்டுமே. கடைசியாக வந்த கரண்ட் ரசீதை எடுத்து எத்தனை யூனிட் என்று பாருங்கள்; இந்த மாதம் எதில் கை வைப்பது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.