உவர்க் கரையில் மாதிரித் தோட்டம்

மாதிரித் தோட்டம் அமைக்க விரும்பும் சங்கங்கள் பெரும்பாலும் கோடையிலேயே வேலையைத் தொடங்குகின்றன. வயல் வேலை ஓய்ந்து, ஆட்கள் எளிதிற் கிடைக்கும் காலம் அது. ஆனால் தோட்டம் அமைப்பது வேறு. செடி நடுவது வேறு. திறப்பு விழாவை முன்னிட்டு இரண்டையும் ஒரே மாதத்தில் முடிக்க முற்பட்டால், அங்கத்தினரின் பங்குப் பணம் கன்றுகளோடு கருகிப்போகும்.

உப்பளம் கற்பிக்கும் பாடம்

மரக்காணத்து அங்கத்தினர்களுக்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உப்பளப் பாத்தியில் உவர்நீரைத் தேக்குகிறோம். வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோக, உப்பு நிற்கிறது. தோட்டப் பாத்தியிலும் நிகழ்வது இதுவே. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிக்கும் நீர் வேர்வரை இறங்காமல் ஆவியாகி, தன்னிடமிருந்த உப்பை மேல்மண்ணில் விட்டுச் செல்கிறது. அடிமண்ணின் உவர்நீரும் மேலேறி வெள்ளை பூக்கிறது. இதனைச் சரிக்கட்டக் கிணற்றை மிகுதியாக இறைத்தாலோ, நன்னீர் குறைந்து கடல்நீர் உட்புகும். அக்கேடு அண்டை அயலாரின் கிணறுகளையும் பற்றும்.

கோடையில் செய்யத்தக்கவை

முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. களருக்கு ஜிப்சம் பயன் தரும். வெறும் உவருக்கு அதனை இடுவது வீண் செலவு. உவரைப் போக்குவது நன்னீரும் வடிகாலுமே.

ஆகவே கோடையில் வரப்புகளை உயர்த்தி, வடிகால் வெட்டி, குழிகள் தோண்டி ஆறவிடலாம். கடற்காற்று வரும் கீழ்த்திசையில் ஓலைத் தட்டி கட்டலாம். பந்தல் நிழலில் நாற்றங்கால் வளர்க்கலாம். முன்னரே நிற்கும் செடிகளுக்கு வைக்கோலோ தென்னை மட்டையோ மூடாக்கிட்டு, மாலையில் வேர் நனையுமளவு நீர் விடவேண்டும்.

முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். ஐப்பசி மழையில் உப்பு கீழிறங்கியபின் கன்றுகளை மேட்டில் நடுவதே முறை. காய்கறி நாற்றைப் பாரின் சரிவில் நடவேண்டும். உச்சியில் உப்பு சேரும்.

அண்மையில் ஒரு சான்று

மரக்காணத்திற்குத் தெற்கே, 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லைக் காணலாம். அது உவர் நிலமன்று; மழை அரித்து ஓடைகளாய்ப் பிளந்து கிடந்த செம்மண் மேடு. எனினும் அங்கும் வரப்பும் தடுப்பணையும் கட்டி மழைநீரை நிறுத்தினர். கடினமான மரங்களை வளர்த்து நிழல் உண்டாக்கினர். அந்நிழலில் இந்நாட்டு மரங்களை வளர்த்தனர். இன்று காடாய் நிற்பது பல ஆண்டுப் பொறுமையின் பயன்.

எவற்றை நடுவது?

காற்றுத் தடுப்புக்குச் சவுக்கு, பூவரசு, புன்னை ஏற்றவை. தென்னை, சப்போட்டா, இலந்தை ஆகியன ஓரளவு உவரைத் தாங்கும். எலுமிச்சையும் அவரையும் தாங்கா. நெசவாளர்களும் தமக்குரிய பாத்தியைக் கேட்டுப் பெறலாம். பருத்தி உவர் தாங்கும் பயிர்களுள் ஒன்று. செந்நிறம் தரும் சாயவேர் சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் முன்னாளில் பயிரானது. நீலம் தரும் அவுரியையும் சிறிது இட்டுப் பார்க்கலாம்.

கணக்கும் காட்சியே

லாரித் தண்ணீரால் விழா நாளில் மட்டும் பசுமையாக நிற்கும் தோட்டம் மாதிரியாகாது. அதைக் கண்டு கடன் வாங்கி நடும் சிறு விவசாயி, லாரித் தண்ணீருக்கு எங்கே போவார்? ஆதலால் வாயிலில் ஒரு பலகை வைத்து, செலவான தொகை, விட்ட நீர், நட்ட கன்று, பிழைத்த கன்று ஆகியவற்றை மாதந்தோறும் எழுதிவர வேண்டும். பட்டுப்போன கன்றின் எண்ணிக்கையும் அங்கத்தினருக்குப் பாடமே. தம் கிணற்று நீரில் தாமும் இதனைச் செய்யலாம் என்னும் துணிவு அவர்களுக்கு உண்டாகுமாயின், தோட்டத்திற்கிட்ட பணம் வீண்போகவில்லை என நிர்வாகக் குழுவினர் கொள்ளலாம்.