களைச் செடி திறந்த கதவு

சுவிஸ் நாட்டின் பாதையோரங்களிலும் சுவரிடுக்குகளிலும் இளவேனிற் காலத்தில் ஒரு சாண் உயரத்தில் வெண்ணிறப் பூக்களுடன் நிற்கும் ஒரு களையை, ஓஸ்டர்முண்டிகன் வாழ் எம்மவர் பலர் கவனியாது கடந்திருப்பர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் பெயர் அரபிடொப்சிஸ். கறிக்கும் உதவாது, விற்றால் ஒரு ராப்பனும் கிடையாது. ஆயினும், தாவரங்களுள் முதன்முதலாக மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்டு 2000 டிசெம்பரில் வெளியிடப்பட்டது இதற்கே.

ஆறு வாரங்களில் விதையிலிருந்து விதைக்கு வந்துவிடும் இச்செடிக்கு ஐந்தே சோடி நிறமூர்த்தங்கள். அமெரிக்க, ஐரோப்பிய, யப்பானிய விஞ்ஞானிகள் 1996 முதல் அவற்றைப் பகிர்ந்து வாசித்து, ஏறத்தாழ 25,500 மரபணுக்களைக் கண்டனர். முன்பு ஒரு மரபணுவைத் தேடிப் பிடிக்கவே ஆண்டுகள் கழிந்தன. பின்போ விலாசம் கையிலிருந்தது. அவ்விலாசப் புத்தகம் எவருக்கும் இலவசமாகத் திறந்து வைக்கப்பட்டமையே எமது பார்வையில் பெருஞ்செயல்.

இதனால் எமது வயலுக்கு என்ன பயன்? வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகையூட்டிப் பழுக்கச் செய்வதை நாம் அறிவோம். புகையிலுள்ள எதிலீன் வாயுவே அங்கு வேலை செய்கிறது. தாவரம் அவ்வாயுவை உணரும் மரபணு 1993இல் இக்களையிலேயே அடையாளங் காணப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிரினுள்ளும் இதே எதிலீன் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. உடனே பயிர் நீர்மட்டத்தை எட்டிப்பிடிக்க நெடுநெடுவென வளர்ந்து, சேமித்த மாச்சத்தையெல்லாம் செலவழித்து மடிகிறது.

நெல்லின் மரபணுத்தொகுதி 2005இல் வெளியானது. பதினோராவது நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியை வாசித்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள். மறு ஆண்டே, ஒடிசாவின் பழைய நெல்லினத்திலிருந்து சப்1ஏ என்ற மரபணு இனங்காணப்பட்டது. எதிலீனுக்குப் பதில்கொடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த அது, வெள்ளத்தில் பயிரின் வளர்ச்சியை அடக்கி வைக்கும். நீர் வடிந்ததும் சேமிப்பைக்கொண்டு பயிர் மீளத் தளிர்க்கும். ஏறத்தாழ இரு வாரங்கள் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். இதனைச் சுவர்ணா போன்ற நெல்லினங்களுக்குள் கொண்டுவந்தது மகரந்தக் கலப்பே. சரியான நாற்றைத் தெரிவு செய்யவே மரபணு அடையாளம் உதவியது.

புகழ் முழுவதும் ஆய்வுகூடத்துக்கே உரியதன்று. வெள்ளந்தாங்கும் விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் விவசாயிகள். விஞ்ஞானிகள் குறித்துள்ள வெள்ளந்தாங்கும் பழைய நெல்லினங்களின் வரிசையில் இலங்கையின் கொட ஹீனட்டியும் குர்க்கறுப்பனும் உள்ளன.