பட்டத்திற்கு உரியவர் யார்?

‘வரம்பற்ற முடியாட்சி’ என்னும் தொடரை வரலாற்று நூல்களில் காணுந்தோறும், நினைத்ததை நினைத்தவாறே முடிக்கும் மன்னன் ஒருவன் நம் கண்முன் தோன்றுகின்றான். அதற்குச் சான்றாக ஆசிரியர்கள் காட்டுவது பிரான்சு நாட்டுப் பதினான்காம் லூயியை. 1643 முதல் 1715 வரை நீண்ட அவன் ஆட்சியில் நாட்டுப் பிரதிநிதிகளின் பேரவை ஒருமுறையும் கூட்டப்படவில்லை. 1614இல் கூடிய அவ்வவை மீண்டும் கூடியது 1789இல்தான்.

அத்தகையவனுக்கும் கைக்கெட்டாத ஒன்று இருந்தது. மகனும் பேரர்களும் அடுத்தடுத்து மாண்டுபோக, சிறுவனான கொள்ளுப்பேரனே வாரிசாக எஞ்சினான். நேர்வழி மரபு அற்றுப்போனால் தன் மணவுறவுக்குப் புறம்பே பிறந்த மக்கள் இருவரும் முடிசூடலாம் என 1714இல் லூயி ஆணை பிறப்பித்தான். அவ்விருவருள் மூத்தவனுக்குப் பெரும் பொறுப்பளித்து உயிலும் எழுதினான். 1715 செப்டம்பர் முதல் நாள் மன்னன் மறைந்தான். மறுநாளே பாரிசு உயர் நீதிமன்றம் அவ்வுயிலின் சாரத்தை நீக்கிவிட்டது. 1717இல் அரியணை உரிமை வழங்கிய ஆணையும் இரத்தாயிற்று. முடி என்பது மன்னனின் சொந்தச் சொத்தன்று, நாட்டின் அடிப்படை விதிகளுக்கு உட்பட்டது என்பதே அங்கு நிலவிய கோட்பாடு.

நம் இலக்கியத்திலும் இக்கேள்வி எழாமலில்லை. பெற்ற மக்கள் மீதே போருக்கெழுந்த கோப்பெருஞ்சோழனிடம், வென்றபின் இந்நாட்டை யாருக்கு விட்டுச்செல்வாய் எனப் புல்லாற்றூர் எயிற்றியனார் வினவியதைப் புறநானூறு காட்டுகின்றது. அங்கு வரம்பிட்டது புலவரின் சொல். நாம் வாழும் புதுக்கோட்டையில் வரம்பிட்டது வேறொன்று.

தொண்டைமான் மன்னர்கள் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி முதல் இச்சீமையை ஆண்டனர். வரி, நீதி, இனாம் யாவும் அரண்மனையின் கையிலேயே இருந்தன. ஆயினும், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணைநின்று பெற்ற நட்பே பின்னர் அவர்களைக் கட்டிய கயிறாயிற்று. ஆண்மகவின்றி இருந்த இராமச்சந்திரத் தொண்டைமானுக்கு ஆங்கில அரசு 1862இல் சுவீகாரச் சன்னது வழங்கியது. அதன்பின் அவர் தம் மகள் வயிற்றுப் பேரரைத் தத்தெடுத்தார். அவரே 1886இல் பட்டத்திற்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். தாம் பெற்ற பட்டமே பிறர் ஒப்புதலால் வந்தது என்பதை அவர் பிற்காலத்தில் எத்துணை முறை எண்ணியிருப்பாரோ!

1915இல் அவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மாலி ஃபிங்க் என்னும் மங்கையை மணந்தார். மணம் செய்வதை எவரும் தடுக்க இயலவில்லை. ஆனால் அம்மணத்தை ஆங்கில அரசு ஏற்கவில்லை. மாலிக்கு அரசிக்குரிய மதிப்பை வழங்கவும் மறுத்தது. 1916இல் பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னிக்கு அரியணை உரிமை இல்லை என்றாயிற்று. இங்குச் சில மாதங்களே தங்கிய தம்பதியர் அயல்நாடு ஏகினர். ஆட்சிப் பொறுப்பைத் துறந்த மன்னருக்கு மாற்றாக 1922 முதல் விஜய ரகுநாத துரைராஜா ரீஜண்டாக இருந்து ஆண்டார். 1928இல் மார்த்தாண்டர் பாரிசு நகரில் மறைந்தார். லூயியின் உயிலைக் கிழித்த அதே நகரம் என்பது ஒரு தற்செயல்தான். எனினும் மனம் அதைக் கடந்து செல்ல மறுக்கின்றது. ஆறு வயதுச் சிறுவரான இராஜகோபாலத் தொண்டைமானை ஆங்கில அரசு பட்டத்தில் அமர்த்தியது.

இரு வரம்புகளும் ஒன்றெனக் கருதுதல் பொருந்தாது. பிரான்சில் தடுத்தது அந்நாட்டு நீதிமன்றம். இங்குத் தடுத்தது கடல்கடந்து வந்த மேலாண்மை. ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்தன: குடிமக்களை எவரும் கேட்கவில்லை. மன்னனுக்கு வரம்பு இருந்தது என்பதற்கும் மக்களுக்கு உரிமை இருந்தது என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. புதுக்கோட்டையில் 1902இல் பிரதிநிதித்துவ சபை தோன்றியது. 1924இல் சட்டசபை அமைந்தது. இரண்டும் பெரிதும் ஆலோசனை கூறும் அவைகளாகவே இருந்தன. யார் அடுத்த மன்னர் என்ற கேள்வி அவற்றின் முன் வரவில்லை.

அக்கேள்வி இறுதியில் எழாமலே போயிற்று. 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று; 1974இல் தனி மாவட்டமாயிற்று. இராஜகோபாலத் தொண்டைமானின் அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகின்றது.