உங்கள் கையால் ஒரு மின் கிதார்

மேடையில் காதைத் துளைக்கும் மின் கிதாரை, அதன் மின்வடத்தைக் கழற்றிவிட்டு மீட்டினால் எப்படி ஒலிக்கும் தெரியுமா? பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கூடக் கேட்காது. சாதாரணக் கிதாருக்கு உள்ளதுபோல் குடைவான மரப்பெட்டி இதற்கு இல்லை. இதன் உடல் வெறும் கெட்டிப் பலகை. அப்படியானால் அந்தப் பெரிய ஒலி எங்கிருந்து புறப்படுகிறது?

கம்பிகளுக்கு அடியில், தொட்டும் தொடாமலும் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதைப் 'பிக்கப்' என்பார்கள். உள்ளே சில காந்தத் துண்டுகளும், அவற்றைச் சுற்றி மயிரிழையை விட மெல்லிய தாமிரக் கம்பியால் சுற்றிய ஒரு சுருளும் இருக்கும். சுற்றுகளின் எண்ணிக்கை ஏழாயிரம், எட்டாயிரம் என்று போகும். மேலே உள்ள எஃகுக் கம்பி காந்தத்தின் அருகாமையால் தானும் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. உடனே சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்து, நீங்கள் கால்வனாமீட்டரின் முள் அசைவதைக் கொண்டு ஆய்வகத்தில் பார்த்த அதே மின்காந்தத் தூண்டல்தான். கம்பி வினாடிக்கு 110 முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் 110 முறை ஏறி இறங்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் தீர்ந்தது. எஃகுக் கம்பியை எடுத்துவிட்டு நைலான் நரம்பைக் கட்டிப் பாருங்கள்: பெருக்கியை எவ்வளவு திருகினாலும் நரம்பின் ஒலி வராது!

இந்தக் கருவியை வீட்டிலேயே செய்து முடித்தவர்கள் உண்டு. லண்டனில் பிரையன் மே என்ற பள்ளி மாணவர் 1963இல் தம் தந்தை ஹரால்டுடன் சேர்ந்து ஒரு மின் கிதார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம். உள்ளே மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வுச் சுருள்வில்கள். விரல் வைக்கும் இடங்களுக்கு அடையாளமாகச் சட்டைப் பொத்தான்கள்! பிக்கப்பைக் கூடத் தாமே சுற்றினார். பின்னர் 'குவீன்' இசைக்குழுவில் புகழ் பெற்ற அவர் அந்தக் கிதாரையே தொடர்ந்து வாசித்தார். இயற்பியல் மாணவரான அவர் 2007இல் வான் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார் என்பது நம் பாடத்துக்காரர்களுக்குப் பெருமை.

நமக்கு அவ்வளவு பாடு வேண்டாம். இன்று உதிரிப் பாகங்கள் ஒரே பெட்டியில் 'கிட்' ஆக விற்கப்படுகின்றன. குடைந்த பலகை, கழுத்து, குதிரை, முறுக்காணிகள், பிக்கப்புகள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுமின்தடைகள், கம்பிகள், திருகுகள் எல்லாம் அதில் வந்துவிடும். பலகையைத் தேய்த்து வர்ணம் பூசுவதில் நாள் போகுமே தவிர அறிவு அதிகம் செலவாகாது. மின் இணைப்பும் எளிதே; குதிரையிலிருந்து செல்லும் புவி இணைப்புக் கம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கிதாரில் பலமாகப் புகுந்துவிடும். உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. அதை என் சொந்த அனுபவத்தில் கற்றேன்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகளும் நானும் ஒரு விடுமுறையில் இப்படி ஒரு கிதாரைக் கோத்தோம். பலகையில் முன்பே போட்டிருந்த சிறு துளைகளை நம்பி, அளந்து பார்க்காமலே குதிரையைத் திருகினேன். ஆறு கம்பிகளும் திறந்த நிலையில் சுத்தமாகச் சுருதி சேர்ந்தன. ஆனால் கழுத்தில் மேலே போகப் போக எல்லாம் அபசுரம். அவள் ஒரு வாரம் முயன்றுவிட்டு, "மாமா, எனக்குக் காது சரியில்லை போலிருக்கிறது. இதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்றாள்.

காதின் மேல் பழி போடுமுன் கணக்கைப் பார்ப்போம். சுரமானி ஆய்வில், இழுவிசை மாறாதபோது கம்பியின் அதிர்வெண் அதன் நீளத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். கிதாரில் பன்னிரண்டு மெட்டுகளைத் தாண்டினால் அதிர்வெண் இரு மடங்காக வேண்டும். படிகள் யாவும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு படியின் விகிதமும் 2இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது ஏறத்தாழ 1.0595. இதையே நீளத்தில் சொன்னால், எஞ்சியிருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்து, அவ்வளவு தள்ளி அடுத்த மெட்டை வைக்க வேண்டும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் என்னும் நரம்பிசைக் கருவியை வாசித்தவர்; அவர் 18ஆல் வகுக்கச் சொன்னார். அப்படிச் செய்தால், 648 மில்லிமீட்டர் கம்பியில் 324இல் விழ வேண்டிய பன்னிரண்டாம் மெட்டு 322க்குச் சற்றுக் கீழே விழும்.

வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் பிசகினால் இளக்கி நகர்த்தலாம். கிதார் மெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை. ஆகவே குதிரைதான் மெட்டுகளுக்கு ஏற்ற இடத்தில் அமர வேண்டும்.

எங்கள் கிதாரை அளந்தேன். கழுத்தின் மேல்முனையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை சரியாக 324. அங்கிருந்து குதிரை வரை 320தான்! கம்பியின் முழு நீளம் 644. இதை 320ஆல் வகுத்தால் 2.0125. ஐந்தாம் கம்பி திறந்த நிலையில் 110 ஹெர்ட்ஸ் என்றால், பன்னிரண்டாம் மெட்டில் 220க்குப் பதில் 221.4 வரும். சரியாக 220இல் ஒலிக்கும் கருவி ஒன்று உடன் வாசிக்குமானால் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை விம்மல் கேட்கும். பழுது அவள் காதில் இல்லை. அவள் காது சரியாக இருந்ததால்தான் பழுது தெரிந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பியை மெட்டின் மேல் அழுத்தும்போது அது சற்று நீள்கிறது. இழுவிசை கூடி அதிர்வெண்ணும் சிறிது உயர்கிறது. இதை ஈடுகட்ட, மெல்லிய கம்பிக்கு ஓரிரு மில்லிமீட்டரும், தடித்த கம்பிக்கு நான்கைந்து மில்லிமீட்டரும் நீளம் கூட்டித் தர வேண்டும். கம்பி அமரும் உலோகத் துண்டுகள் குதிரையில் திருகுகளால் நகர்வது இதற்காகவே. ஆகவே மெல்லிய கம்பிக்குரிய துண்டை முன் எல்லைக்கு அருகில் நிறுத்தி, அது 648இல் வரும்படி குதிரையின் இடத்தைக் குறியுங்கள். பிறகு எல்லாத் துண்டுகளையும் பின்னுக்கு நகர்த்த இடம் இருக்கும். கழுத்தின் இரு ஓரங்களை ஒட்டி நூல் பிடித்து, குதிரை நடுவில் நிற்கிறதா என்றும் பார்த்த பிறகே துளையிடுங்கள்.

பழைய துளைகளை மூங்கில் குச்சியும் பசையும் வைத்து அடைத்தோம். ஒரு நாள் காயவிட்டு, இம்முறை அளவுகோலை அவள் பிடிக்க, நான் துளையிட்டேன். கம்பி கட்டியதும் அவளே பன்னிரண்டாம் மெட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். மூன்றாம் கம்பி மட்டும் இம்மியளவு ஏறி ஒலிக்கிறது என்றாள். கைப்பேசியின் சுருதிமானியில் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. திருகை அரைச் சுற்றுத் திருப்பினோம்.