கேபிள் நிறுவனங்கள் தவறவிடக்கூடாத திகதிகள்

அமெரிக்காவில் கேபிள் நிறுவனமொன்று தொலைதூர நகரத்துத் தொலைக்காட்சி அலைவரிசையைத் தன் சந்தாதாரர்களுக்குக் காட்டும்போது, நிகழ்ச்சி உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அனுமதி கேட்பதில்லை. 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே அந்த அனுமதியைப் பொதுவாக வழங்கிவிடுகிறது. ஆனால் இலவசமாக அல்ல.

ஆண்டுக்கு இருமுறை கணக்கறிக்கையும் உரிமத்தொகையும் பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போய்ச்சேர வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரையான கணக்குக்கு ஓகஸ்ட் 29, ஜூலை முதல் டிசெம்பர் வரையானதற்கு மார்ச் 1 கடைசி நாள். தொலைதூர அலைவரிசை எதையும் காட்டாத நிறுவனமும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியாக வேண்டும். பிந்தினால் வட்டி. அறிக்கையையே அனுப்பாவிட்டால் சட்டம் தந்த அனுமதி இல்லாமற்போகும். அதன்பின் காட்டுவது பதிப்புரிமை மீறல். உரிமையாளர்கள் வழக்குத் தொடரலாம். ஒரு படிவத்துக்கு இவ்வளவு பலமா என்று கேட்கத் தோன்றும். படைப்பாளிக்குப் பணம் போய்ச்சேரும் வழியே அந்தப் படிவம்தான்.

இன்னொன்று ஆட்கணக்கு. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களைக் கொண்ட கேபிள், செய்மதித் தொலைக்காட்சிப் பிரிவுகள், ஆண்டுதோறும் செப்டெம்பர் 30க்குள் 396-சி என்ற படிவத்தை அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் சமர்ப்பிக்க வேண்டும். ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டப்படாதிருப்பதைக் கண்காணிப்பதே நோக்கம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மேலதிக விளக்கமும் கேட்பார்கள்.

வெற்றிடம் இருப்பது உள்ளே இருப்பவரின் உறவினருக்கு மட்டும் தெரியும் நிலை நமக்கும் புதிதல்ல. அங்கே நிரப்பிய முழுநேர வெற்றிடங்களையும், அவற்றை எங்கெங்கு அறிவித்தார்கள் என்பதையும் நிறுவனம் ஆண்டுதோறும் பொதுக் கோப்பில் இட வேண்டும். அதை எவரும் திறந்து படிக்கலாம்.